பாண் மாமாவும் 800 விக்கெட்டும்

2023 நவம்பர் முதலாம் திகதி இரவு அந்தப் படம் எனக்குப் பதினொரு தடவை வந்தது. மும்பை வான்கடே மைதானத்தில் அன்றுதான் சச்சின் டெண்டுல்கரின் சிலையைத் திறந்துவைத்திருந்தார்கள். பந்தை நேராகத் தூக்கி அடித்துவிட்டு, அது போகிற திசையைப் பார்த்தபடி நிற்கிற சச்சின். அனுப்பியவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள்: இது ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித். மெல்பேர்னில் இருக்கும் மச்சான் மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டு, "எங்கள் ஊர் ஆளுக்கு இந்தியாவில் சிலை வைத்த பெருந்தன்மைக்கு நன்றி" என்று எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்ததோடு விடாமல் இன்னும் நான்கு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

அடுத்த நாள் அதே மைதானத்தில் இலங்கை அணி இந்தியாவோடு ஆடியது. 358 ஓட்டங்களை விரட்டப் போய் 55 ஓட்டங்களில் சுருண்டது. 302 ஓட்டங்களால் தோல்வி. அதற்கு ஆறேழு வாரங்களுக்கு முன்னர்தான், நம்முடைய கொழும்பு கெத்தாராமை மைதானத்திலேயே, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 50 ஓட்டங்களுக்கு மூட்டையைக் கட்டியிருந்தோம். அன்றிரவு என் கைபேசிக்கு ஒரு சிலைப் படமும் வரவில்லை. கடையைப் பூட்டும்போது பக்கத்துச் சலூன்காரர், "அந்தச் சிலையை இறக்கி ஆடவிட்டிருந்தாலும் நம்மை அடித்திருக்கும் அண்ணே" என்றார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு அவ்வளவாகச் செரிக்கவில்லை. நான் முகம் வரைந்து சோறு தின்ற வீட்டில் பிறந்தவன். அப்பா கொட்டாஞ்சேனையில் போர்டு எழுதினார். கடைப் பெயர்ப் பலகை, லொறிக் கதவு, தேர்தல் காலத்தில் வேட்பாளர் முகம், எப்போதாவது தியேட்டர் பேனர். நான் பதினான்கு வயதில் அவருக்குப் பிரஷ் கழுவத் தொடங்கினேன். இப்போது வெள்ளவத்தையில் காலி வீதிக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பிரஷ் எல்லாம் மேல் தட்டில் ஒரு பால்மா டின்னுக்குள் மயிர் விறைத்துப்போய்க் கிடக்கிறது. ஆனாலும் ஒரு முகம் ஏன் அந்த ஆளைப் போல இல்லை என்று கேட்டால், என்னால் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியும். அதைத் தெரிந்துகொண்டே சிரித்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

முதலில் காற்பந்து வீரர் ரொனால்டோவிடம் போவோம். இந்த விடயத்தில் அவர்தான் தலைவர்.

2017 மார்ச் 29. போர்த்துக்கலின் மதீரா தீவில், அவர் பிறந்த மண்ணில், விமான நிலையத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். நாட்டின் ஜனாதிபதி வந்திருந்தார், பிரதமர் வந்திருந்தார். துணியை விலக்கினார்கள். மார்பளவு வெண்கலச் சிலை. ரொனால்டோ பக்கத்தில் நின்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையையும் சிலையின் இளிப்பையும் அருகருகே வைத்த படம் அன்று உலகத்தைச் சுற்றிவந்தது. செய்தவர் அதே தீவைச் சேர்ந்த இமானுவேல் சந்தோஸ்.

நானும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது நல்ல சிலை அல்ல. இரண்டு கண்களும் மூக்கை நோக்கி நெருங்கி வந்திருக்கின்றன. கன்னம் இரண்டும் உப்பி மேலே ஏறியிருக்கின்றன. வாய் ஒரு பக்கம் இழுபடுகிறது. ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி ஒன்று அந்தச் சிற்பியின் காலடியில் முதலிலேயே இருந்தது. அதைச் சொன்னவர்கள் குறைவு. சிரிக்கிற முகத்தை வெண்கலத்தில் செய்யப் போனார், அதுதான் பொறி.

அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று, பல்லை எண்ணி எழுதாதே என்பது. ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் கோடு போட்டால், இருபது வயதுப் பெண்ணுக்கு அறுபது வயதாகிவிடும். பல் வரிசையை ஒரே வெள்ளையாக இழுத்துவிட்டு, கடைவாயில் மட்டும் கொஞ்சம் நிழல் கொடுக்க வேண்டும். மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் நிரப்பிக்கொள்ளும். வர்ணத்தில் வேலை செய்கிறவனுக்கு அந்த வசதி உண்டு. உதடு சிவப்பு, பல் வெள்ளை, தோல் மாநிறம், எல்லாம் தனித்தனி. வெண்கலத்தில் பல்லும் உதடும் கன்னமும் விழி வெள்ளையும் ஒரே நிறம். பல்லைக் காட்ட வேண்டுமானால் கோடு கீறியே ஆக வேண்டும். கோடு கீறினால் சிரிப்பு போய் இளிப்பு வந்துவிடும். கண்ணும் அப்படியே. கருமணியைக் காட்ட வழியில்லாமல் அந்த இடத்தில் குழி தோண்டி, குழிக்குள் விழும் நிழலைக் கருமணியாக நம்பவைக்கிறார்கள். வெயில் ஒரு பக்கம் சாய்ந்தால் பார்வையும் மாறிவிடும். பழைய சிலைகளில் பெரியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு கம்பீரம் மட்டும் காரணமாக இருக்காது.

இன்னொன்று. செய்துகொண்டிருக்கும்போதே சிலையின் படங்கள் ரொனால்டோவுக்குக் காட்டப்பட்டன என்றும், சிரிக்கப் போகும்போது முகத்தில் விழுகிற சில சுருக்கங்களை மட்டும் மாற்றச் சொன்னார் என்றும் சந்தோஸ் அந்த நாட்களில் சொல்லியிருந்தார். இளமையாகத் தெரிய வேண்டுமாம்.

இந்த இடத்தில் எனக்கு என் கடை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் பாதி வருமானம் மரணத்தில் இருந்து வருகிறது. மரண அறிவித்தல் நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர், வருடாந்த அஞ்சலிக்குப் பெரிய படம். தேசிய அடையாள அட்டையின் படத்தைக் கொண்டுவந்து தந்து, "தாத்தாவுக்கு ஒரு கோட்டும் டையும் போட்டுவிடுங்கள்" என்பார்கள். வாழ்நாள் முழுக்கச் சாரமும் பெனியனுமாகத் திரிந்த மனிதர், என் கணினியில் கோட்டு அணிந்துதான் மேலே போவார். அது பரவாயில்லை. பிறகு மகள் வருவார். கண்ணுக்குக் கீழே இருக்கிற பையை எடுக்கச் சொல்வார். மருமகன் நெற்றிக் கோட்டை எடுக்கச் சொல்வார். சின்னவன் தாடையைக் கொஞ்சம் இறுக்கச் சொல்வான். எல்லாவற்றையும் செய்து கொடுத்த பிறகு மூத்த அக்கா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அப்பாவைப் போலவே இல்லையே" என்பார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். எடுக்கச் சொன்னவர்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சுருக்கம் என்பது அந்த ஆள் நாற்பது வருடமாகத் தன் முகத்தில் எழுதிய கையெழுத்து. அதை அழித்துவிட்டு அடையாளம் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? ரொனால்டோ சிலையின் எல்லாக் குற்றத்தையும் இந்தச் சுருக்கத்தின் தலையில் கட்ட மாட்டேன். கண்ணின் இடைவெளியைக் குறுக்கச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் சிலைக்கு ஒரு சிற்பியும் நான்கு மேஸ்திரிகளும் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கேலிக்குச் சந்தோஸ் சொன்ன பதில் இதுதான்: கிரேக்கரையும் ட்ரோய்க்காரரையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது, இயேசுவாலும் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போகும் என் மனைவிக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. சிலை பிடிக்கவில்லை.

அந்தச் சிலை 2018 ஜூனில் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டு, வேறொன்று வைக்கப்பட்டது. அதே வருடம் அமெரிக்க விளையாட்டு இணையத்தளம் ஒன்று கேட்டதற்கு இணங்கிச் சந்தோஸ் இன்னொரு ரொனால்டோவைச் செய்தார். அது நன்றாகவே இருந்தது. வாய் மூடியிருந்தது என்பதைக் கவனித்தேன். அந்த இரண்டாவது சிலையின் படத்தை எனக்கு அனுப்பியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றாக இந்தத் திருவிழா வந்துகொண்டே இருக்கிறது. 2018 நவம்பரில் எகிப்தில் காற்பந்து வீரர் முகமட் சலாவின் சிலை: தலை பெரிது, உடம்பு சிறிது, கை இரண்டும் விரிந்தபடி. 2024 ஒக்டோபரில் மயாமியில் கூடைப்பந்து வீரர் டுவேன் வேட். அவர் தன் சிலையைப் பார்த்து, "யார் இந்த ஆள்?" என்று மேடையிலேயே கேட்டுவிட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், பிறகு சிற்பிகளுக்காகப் பேசவும் செய்தார். ஆனால் அந்த மூன்று சொல் போதுமாக இருந்தது. 2009 மார்ச்சில் சிக்காகோ அணியை வென்ற கணத்தில் மேசை மீது ஏறி நின்று அவர் கத்திய முகத்தைத்தான் வடிக்கப் போனார்கள். செய்தவர்களில் ஒருவரான ஓம்ரி அம்ரானி, 1994இல் சிக்காகோவில் பாய்ந்து பறக்கும் மைக்கேல் ஜோர்டான் சிலையைச் செய்தவர்களில் ஒருவர். உலகம் முழுவதிலும் இருந்து வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போகிறார்களே, அந்தச் சிலை. கை தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கத்துகிற முகம் ஒரு நொடிக்குத்தான் முகம். அதற்கு மேல் நிறுத்தி வைத்தால் பல்வலி.

இணையம் வந்துதான் மனிதர் கெட்டுப்போனார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் காற்பந்துக் கழகம் தன் பழைய முகாமையாளர் டெட் பேட்ஸுக்கு வைத்த சிலையில் கை கால் குட்டையாகிவிட்டது. ஊரே கூச்சலிட்டது. ஒரு வாரம் தாங்கவில்லை, இறக்கிவிட்டார்கள். மறுவருடம் வேறொருவர் வேறொன்று செய்தார். அப்போது வாட்ஸ்அப் எங்கே இருந்தது?

சரி. என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

2010 ஜூலை. முத்தையா முரளிதரன் காலியில் இந்தியாவுக்கு எதிராகத் தொடங்கும் டெஸ்டோடு விடைபெறுகிறேன் என்று அறிவித்துவிட்டார். கையில் 792 விக்கெட். 800 ஆக எட்டு வேண்டும். நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். எங்கள் லேனில் ஒரு மென்பந்துக் கிரிக்கெட் குழு இருந்தது. பையன்கள் நான்கைந்து பேர் வந்து, லேன் வாசலில் இருக்கும் சுவரில் முரளியை எழுதித்தர வேண்டும் என்றார்கள். சம்பளம் கிடையாது. பெயின்ட் அவர்கள் வாங்குவார்கள், கொத்துரொட்டி அவர்கள் பொறுப்பு. நான் அப்போதே பிளெக்ஸுக்கு மாறி மூன்று வருடம். பிரஷ் பிடிக்கக் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. சரி என்றேன்.

சுவர் எட்டடி அகலம், ஆறடி உயரம். பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பையன்கள் வெட்டி வைத்திருந்தார்கள். பந்தை விடுகிற கணம். முரளியின் பந்துவீச்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நொடியில் அவருடைய கண்கள் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல விரியும். மணிக்கட்டு சுழல்வதைக் கண்ணும் சேர்ந்து செய்கிற மாதிரி இருக்கும். படத்தின் மேல் சின்னக் கட்டம், சுவரில் பெரிய கட்டம். நீலத்தில் தோய்த்த நூலை இரண்டு பையன்கள் இழுத்துப் பிடிக்க, நடுவில் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அப்பா காலத்து வேலை. செவ்வாய் இரவு தொடங்கினேன். பக்கத்து வீட்டில் இருந்து வயர் இழுத்து ஒரு குண்டு பல்பு.

முதல் இரவே கண் இரண்டையும் முடித்துவிட்டேன். படத்தில் இருந்தபடியே, விரியத் திறந்து. இப்போதும் சொல்வேன், அந்தக் கண் சரியாக வந்திருந்தது.

புதன் காலையில் லேனில் ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார். "பிள்ளைகள் இரவில் பயப்படும் தம்பி. நம்முடைய ஆளை ஏன் இப்படிப் பேய் பிடித்தவர் போல எழுதுகிறீர்? கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பையன்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. நான் அந்த இரவு கண்ணை அழித்துச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்தேன். வாயில் கொஞ்சம் சிரிப்பு வைத்தேன். போதாததற்குச் சுவரின் உச்சியில் ஒரு மின்மானிப் பெட்டி இருந்தது. அதற்கு இடம் விட வேண்டி நெற்றியில் நான்கு அங்குலத்தைக் குறைத்தேன். நான்கு அங்குலம்தானே என்று நினைத்தேன். ஆறடிச் சுவரில் அது ஒரு முகத்தின் விதி. கண் என்பது தலையின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். நெற்றி குறைந்ததும் கண் மேலே ஏறிவிட்டது, கன்னம் அகன்றுவிட்டது. மஞ்சள் பல்பின் கீழே கலந்த நிறம் பகலில் எப்படித் தெரியும் என்பதையும் யோசிக்கவில்லை.

எண்ணை மட்டும் எழுதவில்லை. பையன்கள் 800 என்று முதலிலேயே எழுதச் சொன்னார்கள். நான் மறுத்தேன். எடுக்காத விக்கெட்டை எழுதக்கூடாது, துரதிர்ஷ்டம். வெற்றிடம் விட்டுச் சுவருக்கு ஒரு பழைய படங்குத் துணியைக் கட்டிவிட்டோம்.

வியாழன், 22ஆம் திகதி. கடையில் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். 799இல் வந்து நின்றுவிட்டது. மற்றவர் பந்தில் ஒரு விக்கெட் விழுந்தால், அவருக்கு மிச்சம் ஒன்று குறைகிறதே என்று நெஞ்சு பதறியது. கடைசி ஜோடி நின்று தடவிக்கொண்டே இருந்தது. நம்முடைய மற்றப் பந்துவீச்சாளருக்கு விக்கெட் விழக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். கடைசியில் ஒஜாவின் மட்டையில் பட்டு மஹேல ஜயவர்தனவின் கைக்குப் போனது. 133 டெஸ்ட், 800 விக்கெட். கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். ஏணியில் ஏறி, சிவப்பு எனாமலில், என் வாழ்க்கையில் எழுதிய ஆகச் சிறந்த மூன்று இலக்கத்தை எழுதினேன். பட்டாசு கொளுத்தினார்கள். படங்கை அவிழ்த்தார்கள்.

ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு அம்மாவின் இடுப்பில் இருந்த ஒரு பிள்ளை, நாலு வயது இருக்கும், விரலை நீட்டி மிகவும் சந்தோசமாகக் கத்தியது: "பாண் மாமா!"

எங்கள் லேனுக்குக் காலையும் மாலையும் ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற மனிதர். பேலியகொடைப் பக்கத்துச் சிங்களவர். நம்மைவிட நன்றாகக் கொட்டாஞ்சேனைத் தமிழ் பேசுவார். அகன்ற கன்னம், குட்டை நெற்றி, எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். முரளி இல்லை. பாண் மாமா வெள்ளை ஜேர்சியில் நின்றுகொண்டிருந்தார்.

லேன் உருண்டு புரண்டு சிரித்தது. ஒரு பையன் டிஜிட்டல் கமராவில் எடுத்து அன்றிரவே பேஸ்புக்கில் போட்டான். எனக்கு அப்போது பேஸ்புக் கணக்கு இல்லை. மருமகன்தான் வந்து வாசித்துக் காட்டினான். "800 பாண் விற்ற வீரர்." "இவர் தூஸ்ரா போட மாட்டார், மாலுபாண் போடுவார்." தூஸ்ரா முரளியின் எதிர்த்திசையில் திரும்பும் பந்து, மாலுபாண் மீன் வைத்த பாண். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கே இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது. ஐம்பது அறுபது பேர் எழுதியதில் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார், "எழுத்து மட்டும் சுத்தம், போர்டு எழுதுகிறவர் போல" என்று. அதுதான் தைத்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். நடக்க முடியாதவரை ஓட்டோவில் வைத்துக் கூட்டிவந்து மூத்த அண்ணன் சுவரைக் காட்டியிருக்கிறான். அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, "மீற்றர் பெட்டிக்கு இடம் விட்டானாக்கும்" என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிழை எங்கே என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று வாரம் அந்த லேன் வாசலால் போகாமல் பின்பக்கத்தால் சுற்றிப் போனேன். அதன் பிறகு நான் முகம் வரையவில்லை. அச்சு இயந்திரம் முகத்தில் பிழை விடுவதில்லை, விட்டாலும் நான் விட்டதாக ஆகாது.

பேலியகொடையில் வெசாக் தோரணங்களுக்குப் படம் எழுதும் ஒரு சிங்கள நண்பர் இருக்கிறார். அவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விகாரையில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சடங்கைப் பற்றிச் சொன்னார். எல்லாம் முடித்த பிறகு கடைசியாகத்தான் கண். எழுதுகிறவர் சிலையை நேருக்கு நேர் பார்க்க மாட்டார், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தோளுக்கு மேலாகப் பிரஷை நீட்டி எழுதுவார். எழுதி முடித்ததும் அவருடைய கண்ணைக் கட்டி வெளியே கூட்டிப்போவார்கள், அந்த முதல் பார்வை ஆபத்தானதாம். நம் கோயில் விக்கிரகத்துக்கும் கண் திறப்பது கடைசி வேலைதான். தொழிலாளர் அத்தனை பேரும் அந்த ஓர் அங்குலத்துக்குப் பயந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வசதி, புத்தரையும் முருகனையும் எடுத்த படம் யாரிடமும் இல்லை. சச்சினைச் செய்த பிரமோத் காம்ப்ளேக்கு அந்த வசதி கிடையாது. சச்சினின் முகம் கோடிக்கணக்கான வீட்டில் தொலைக்காட்சியில் இருபத்துநான்கு வருடம் இருந்த முகம். ஒரு நெல்லளவு பிசகினாலும் சொந்த அண்ணன் முகம் பிசகியதுபோல ஆளாளுக்குத் தெரிந்துவிடும். அதிலும் தரையில் நின்று கைபேசியை மேலே நீட்டிப் படம் எடுத்தால் தாடை பெருக்கும், நெற்றி மறையும். அந்தக் கோணத்தில் எடுத்தால் நானே என்னைப் போல இருக்க மாட்டேன்.

சிரிக்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. அடுத்த சிலை வந்தால் நானும் சிரிப்பேன். மச்சானுக்கு முதல் ஆளாக அனுப்புவேன்.

ஆனால் போன வருடம் ஒன்று நடந்தது. ஒரு பிற்பகல், மழை. கடைக்குள் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, கன்னம் வற்றியிருந்தது. சிரிப்பைக் கண்டதும்தான் எனக்கு ஆள் பிடிபட்டது. 2022இல் பெற்றோலும் இல்லை, மாவும் விலை ஏறிவிட்டது என்று ஓட்டோவை விற்றுவிட்டாராம். மகளோடு இருக்கிறாராம். என் கடையைத் தேடி இரண்டு தெரு சுற்றியிருக்கிறார்.

"மல்லி," என்றார், சிங்களத்தில் தம்பி. "அந்தச் சுவர்ப் படம் உங்களிடம் இருக்கிறதா?"

சுவரை எப்போதோ இடித்து மாடி வீடு கட்டிவிட்டார்கள். படம் இருந்தது. மருமகன் அந்தப் பேஸ்புக் படத்தை என் கணினியில் இறக்கி வைத்திருந்தான், கேலிக்காகத்தான். திறந்து காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"அந்த வயதில் என்னிடம் வேறு படம் இல்லை" என்றார். "கல்யாணப் படம் இருக்கிறது, அதில் நான் ஒல்லி. மகள் கேட்கிறாள், பேரனுக்குக் காட்ட. இதுதான் அப்படியே நான்."

என்ன அளவு என்று கேட்டேன். சுவரில் மாட்டுகிற அளவு என்றார். பன்னிரண்டுக்குப் பதினெட்டில் போடலாம் என்று சொல்லிவிட்டு, மவுஸை நகர்த்தி மேல் மூலைக்குப் போனேன்.

"அய்யே, இந்த 800ஐ எடுத்துவிடவா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மழை கூரைத் தகரத்தில் பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றார். "இருக்கட்டும்."